ஜூன்டீன்த் நாளைப் பற்றி எழுதுகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூன் 19 அன்று கடைப்பிடிக்கப்படும் ஜூன்டீன்த் நாளை 'அமெரிக்காவில் அடிமைமுறை ஒழிந்த நாள்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவது சரியன்று. 1865இல் அந்நாளில், உள்நாட்டுப் போரில் தென் மாநிலங்களை வென்ற வடக்குப் படையின் ஜெனரல் கார்டன் கிரேஞ்சர் கால்வெஸ்டன் நகரில் வெளியிட்ட விடுதலை ஆணை, டெக்சாஸ் மாநிலத்தில் அடிமைப்பட்டிருந்த சுமார் இரண்டரை லட்சம் பேருக்கு உரியது. டெலவேரிலும் கென்டக்கியிலும் டிசம்பரில் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் ஏற்கப்படும் வரை அடிமைமுறை சட்டப்படியே நீடித்தது.

இதைவிடப் பெரிய தவறு, லிங்கன் 1863 ஜனவரி 1 அன்று வெளியிட்ட விடுதலைப் பிரகடனம் டெக்சாஸைச் சென்றடைய இரண்டரை ஆண்டுகள் ஆயின என்று, ஏதோ தபால் தாமதத்தைப் போலச் சொல்வது. செய்தி முன்பே வந்துவிட்டது. அதை நடைமுறைப்படுத்தும் படைதான் வரவில்லை. வடக்குப் படையின் கை எட்டாத இடம் என்பதாலேயே, பிற தென் மாநில உடைமையாளர்கள் பலர் தம்மிடமிருந்த அடிமைகளை அங்கே ஓட்டிச் சென்றார்கள். தாமதக் கதை இந்தக் கொடுமையைச் செய்தவர்களை மறைத்துவிடுகிறது. லிங்கனை மட்டுமே புகழும்போது, வடக்குப் படையில் போரிட்ட சுமார் 1,80,000 கறுப்பின வீரர்களும் மறைந்துபோகிறார்கள்.

கிரேஞ்சரின் ஆணையை மேற்கோள் காட்டுவோர் முழுவதையும் படிப்பது நல்லது. முன்னாள் எசமானர்களுக்கும் அடிமைகளுக்கும் இடையே முழுச் சமத்துவம் என்று கூறும் அதே தாள், விடுதலை பெற்றவர்கள் இருக்கும் இடத்திலேயே அமைதியாகக் கூலிக்கு உழைக்க வேண்டும் என்றும், சோம்பியிருந்தால் ஆதரவு கிடைக்காது என்றும் சொல்கிறது. தலைமுறை தலைமுறையாகக் கூலியின்றி உழைத்தவர்களைப் பார்த்துச் சொன்ன சொல் அது! 13ஆவது திருத்தமோ குற்றத்துக்கான தண்டனையாகக் கட்டாய உழைப்பை அனுமதித்தது. தென் மாநிலங்கள் வேலையின்றித் திரிந்ததையே குற்றமாக்கிக் கறுப்பின மக்களைச் சிறைபிடித்து, பண்ணைகளுக்கும் சுரங்கங்களுக்கும் குத்தகைக்கு விட்டன. கறுப்பின மக்களின் வாக்குரிமையைக் காக்கும் சட்டம் வர 1965 ஆயிற்று.

தமிழில் எழுதுவோர் 'நீக்ரோ' என்ற பழைய சொல்லையும் கைவிட வேண்டும். கறுப்பின மக்கள் என்பதே போதும்.

ஜூன்டீன்த் அன்று சிவப்புப் பானமும் தர்ப்பூசணியும் பரிமாறப்படுவதைப் பார்த்து இதை உணவுத் திருவிழாவாகச் சுருக்கிவிடவும் கூடாது. இந்நாளைக் கொண்டாடத் தமக்கென ஓர் இடம் வேண்டும் என்று, 1872இல் ஹூஸ்டனின் கறுப்பின மக்கள் பணம் சேர்த்து 10 ஏக்கர் நிலம் வாங்கினார்கள். இன்றைய எமன்சிபேஷன் பூங்கா அதுதான். தேசிய விடுமுறை 2021இல்தான் வந்தது. அதற்காக 2016இல் தம் 89ஆம் வயதில் நடைப்பயணம் தொடங்கிய ஓபல் லீ, அந்த இரண்டரை ஆண்டுகளின் நினைவாக இரண்டரை மைல் நடந்துவந்தவர். விடுமுறை கிடைத்த மறு ஆண்டும், 95 வயதில், அவர் அதே இரண்டரை மைலை நடந்தார்.