அமெரிக்க மூதாதையரைத் தேடும்போது: 1752-க்கு முந்தைய தேதிகளில் கவனம்

என் கணவர் வீட்டார் மாசசூசெட்ஸ்காரர்கள். மாமியார் பத்திரமாக வைத்திருந்த பைபிளின் முன்பக்கத்தில், பழுப்பேறிய மையில் நான்கு தலைமுறைப் பெயர்கள் இருந்தன. அதற்கும் முன்னால் யார் என்று தேட ஆரம்பித்து, இரண்டு வருடத்தில் 1715 வரை போய்விட்டோம்.

முதலில், தெரிந்தவரிலிருந்து பின்னோக்கி 1850 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரை வந்துவிடுங்கள். அடிமைப்படுத்தப்பட்டவர்களைத் தவிர எல்லோருக்கும் பெயர், வயது, பிறந்த மாநிலம் அதில் உண்டு. 1790 முதல் 1840 வரையிலான கணக்கெடுப்புகளில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான்; மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. அங்கிருந்து ஊர்ப் பதிவேடுகளுக்கும் உயில்களுக்கும் போக வேண்டும்.

இந்த ஏடுகளைத் தேட ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளம் போதும், இலவசம். ஆனால் அதில் பிறர் போட்டு வைத்திருக்கும் வம்சாவளியை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். மூல ஏட்டின் படத்தைத் திறந்து நீங்களே படியுங்கள்.

சரி, நான் மாதக்கணக்கில் மாட்டிக்கொண்ட இடம் இது. ஊர் ஏட்டில் திருமணம் 1715 ஏப்ரல். மூத்த பிள்ளை பிறந்தது 1715 பிப்ரவரி. கல்யாணத்துக்கு முன்பே பிள்ளையா? வேறு குடும்பம் என்று முடிவுகட்டி, சரியான ஆளையே ஒதுக்கிவிட்டேன். உண்மையில் அன்றைய ஆங்கிலேயக் குடியேற்றங்களில் புத்தாண்டு மார்ச் 25-இல்தான் பிறந்தது. ஏப்ரலில் திருமணம், பத்து மாதம் கழித்து வந்த பிப்ரவரியும் அவர்களுக்கு 1715தான். நம் கணக்கில் அது 1716. சில எழுத்தர்கள் 1715/16 என்றே எழுதியிருப்பார்கள். அதை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள், ஒன்றை அடித்துவிடாதீர்கள். 1752 முதல்தான் அங்கே ஜனவரி 1 புத்தாண்டு. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் 24 வரையிலான பழைய தேதிகளை எக்ஸெலில் தனி நிறத்தில் வைத்தால் குழப்பம் வராது.

பின்சேர்க்கை: குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் ஏட்டில் "12-ஆம் மாதம்" என்று இருக்கிறதே, டிசம்பரா என்று ஒருவர் கேட்டிருந்தார். 1752-க்கு முன்னால் என்றால் அது பிப்ரவரி. அவர்களுக்கு மார்ச்தான் முதல் மாதம்.

இன்னொருவர் ஜூனியர் என்ற ஒட்டைப் பார்த்து மகன் என்று சேர்த்திருந்தார். அந்தக் காலத்தில் ஒரே ஊரில் ஒரே பெயரில் இருவர் இருந்தால், இளையவர் ஜூனியர்; உறவே இல்லாமலும் இருக்கலாம். மூத்தவர் இறந்ததும் அந்த ஒட்டு மாறியும்விடும். நான் இருவரைப் பிரித்தது உயிலில் இருந்த மனைவி பெயரை வைத்துத்தான்.