கிராங்க்செட் வாங்கும் முன் ஃபிரேமை அளந்து பாருங்கள்

ஃபிரேமைத் தனியாக வாங்கி, பாகங்களைத் தேடிச் சேர்த்து சைக்கிள் கட்டுபவர்கள் அதிகம் ஏமாறுவது கிராங்க்செட்டில்தான், அதாவது பெடல் மாட்டும் இரண்டு கைகளும் முன் பல்சக்கரங்களும் சேர்ந்த பாகத்தில். படத்தில் அழகாக இருக்கும், விலையும் தோதாகப் படும். வாங்கி வந்து மாட்டினால் இரண்டு கைகளையும் இணைக்கும் ஆக்சில் பொருந்தாது. பொருந்தினாலும் செயின் கோணலாக ஓடும். எந்த கிராங்க் என்பதை முடிவு செய்வது ஃபிரேமும் பின்சக்கரமும். எடையும் பாலிஷும் அதற்கப்புறம். இங்கே எடுத்துக்கொள்வது ஸ்டீல் ஃபிரேம், 700சி சக்கரம், 32 மிமீ டயர், மூட்டை முடிச்சோடு மலையும் ஏற வேண்டிய நெடுந்தூர சைக்கிள்.

முதல் அளவு பிபி ஷெல், அதாவது ஃபிரேமின் அடியில் கிராங்க் ஆக்சில் நுழையும் குழாய். அகலம் 68 மிமீ, உள்ளே மரை இருந்தால் பெரும்பாலும் பிஎஸ்ஏ என்ற மரை வகை. 70 மிமீ என்றால் இத்தாலிய மரை. பிஎஸ்ஏவில் செயின் பக்கக் கப்புக்கு (பேரிங்கைத் தாங்கும் வளையம்) இடது மரை. இது தெரியாமல் வழக்கமான திசையில் கழற்றப் பார்த்து மரையைக் கெடுத்தவர்கள் உண்டு. மரையே இல்லாமல் வழவழப்பாக இருந்தால் அது பேரிங்கை அழுத்திப் பொருத்தும் பிரஸ்ஃபிட். உள்விட்டம் 41 மிமீ என்றால் 24 மிமீ ஆக்சிலுக்கானது. 42 அல்லது 46 என்றால் 30 மிமீ ஆக்சிலை நினைத்துச் செய்தது.

பிஎஸ்ஏ ஷெல்லுக்கு 24 மிமீ ஆக்சிலும் வெளிப்புற பேரிங்கும் கொண்ட கிராங்க் போதும். 30 மிமீ ஆக்சிலையும் இதில் மாட்டலாம். ஆனால் இடம் குறைவதால் பேரிங் குண்டுகள் சிறியதாகி, சேறும் தண்ணீரும் பட்டால் சீக்கிரம் தேயும். சதுர முனை ஆக்சில் பழைய முறைதான், ஆனாலும் நீடித்து உழைக்கும். அதில் ஜப்பானிய அளவு, ஐஎஸ்ஓ அளவு என இரண்டு உண்டு. சரிவு ஒன்றே, முனைத் தடிமன் வேறு. ஐஎஸ்ஓ கிராங்கை ஜப்பானிய ஆக்சிலில் ஏற்றினால் சுமார் 4.5 மிமீ வெளியே நின்றுவிடும்.

அடுத்து பல் கணக்கு. 32 மிமீ டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2.15 மீட்டர். முன்பல்லைப் பின்பல்லால் வகுத்து இதோடு பெருக்கினால், பெடல் ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் என்று தெரியும். 34 முன், 28 பின் என்றால் 2.61 மீட்டர், நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் 9.4 கிமீ வேகம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் சுமையோடு இந்த வேகத்தைக் கட்டிக்காப்பது எல்லோராலும் முடியாது. 30க்கு 34 என்றால் 1.9 மீட்டர், 6.8 கிமீ, மூச்சு வாங்காமல் ஏறலாம். வேகத்தில் பெரிதாக எதையும் இழப்பதில்லை: 46க்கு 11இல் 90 சுற்று மிதித்தால் 48 கிமீ தாண்டும். ஆகவே இந்த மாதிரி சைக்கிளுக்கு 50/34ஐ விட 46/30 பொருத்தம். முன்பற்களின் வித்தியாசம் 16, பின்பற்களின் வித்தியாசம் (34க்கும் 11க்கும்) 23, கூட்டினால் 39. செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் பின் டிரெய்லியரின் கொள்ளளவு (அது சமாளிக்கும் மொத்தப் பல் வித்தியாசம்) இதற்குக் குறையாமல் இருக்க வேண்டும். குறைந்தால் முன்னும் பின்னும் சின்னப் பல்லில் ஓடும்போது செயின் தொங்கும்.

பிறகு வாங்கும் பல்சக்கரத்தை மாட்டமுடியுமா என்பதை போல்ட் வட்ட விட்டம், அதாவது பல்சக்கரத்தைப் பிடிக்கும் போல்ட்டுகள் அமைந்த வட்டத்தின் விட்டம், சொல்லும். 130 மிமீ வட்டத்தில் 38 பல்லுக்குக் கீழே போக முடியாது. 110 என்றால் 34 வரும். 30 பல் வேண்டுமானால் உள்வட்டம் தனியாக, 80 மிமீ போல, சிறியதாக இருக்க வேண்டும்.

பலரும் கோட்டைவிடும் இடம் செயின்லைன், அதாவது ஃபிரேமின் நடுக்கோட்டிலிருந்து பல்சக்கரம் வரை உள்ள தூரம். சீட் டியூபின் (இருக்கைக் கம்பி இறங்கும் குழாய்) வெளிப்பரப்பிலிருந்து பல்சக்கரத்தின் பல் வரை அளந்து, டியூப் விட்டத்தில் பாதியைக் கூட்டுங்கள் (28.6 மிமீ டியூபுக்கு 14.3). இரண்டு பல்சக்கரம் இருந்தால் இரண்டுக்கும் நடுவில் அளக்க வேண்டும். சாலை சைக்கிள் கிராங்குக்கு வழக்கமாக 43.5 மிமீ. ஷிமானோவின் மண்சாலை சைக்கிள் பாக வரிசையான ஜிஆர்எக்ஸின் 46/30 கிராங்குக்கு 46.9, அதோடு சாலை வகை முன் டிரெய்லியரை மாட்டினால் பெரிய பல்லுக்குச் செயின் சரியாக ஏறாது, ஜிஆர்எக்ஸ் டிரெய்லியரே வேண்டும். சதுர முனையில் திருத்துவது எளிது: இருபுறமும் சமமாக நீளும் ஆக்சிலை 3 மிமீ நீளமாக எடுத்தால் செயின்லைன் 1.5 மிமீ வெளியே நகரும். கடைசியாக, செயின் ஸ்டேக்கும் (பிபி ஷெல்லிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் ஃபிரேம் குழாய்) பல்லுக்கும் நடுவே 3 மிமீயாவது இடைவெளி விடுங்கள். எழுந்து நின்று மிதிக்கும்போது ஃபிரேம் வளையும்.

கிராங்க் கையின் நீளத்துக்கு அதிகம் மண்டையை உடைக்க வேண்டாம். 170 மிமீ பெரும்பாலானோருக்கு ஒத்துவரும்; குள்ளமானவர்களும் முழங்கால் வலி உள்ளவர்களும் 165 எடுக்கலாம்.

பழைய கிராங்க் வாங்கினால் சதுரத் துளையின் ஓரம் உருண்டிருக்கிறதா, பெடல் துளையைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். ஷிமானோவின் 11 வேக அல்டெக்ரா, டூரா ஏஸ் வரிசைக் கிராங்க் என்றால் கையின் உள்பக்கம் பொறித்த இரண்டெழுத்துக் குறியீட்டை அவசியம் சரிபார்க்க வேண்டும். 2019 ஜூலைக்கு முன் தயாரித்த சில மாடல்களில் ஒட்டிய பாகங்கள் பிரிந்ததால் 2023இல் நிறுவனமே பரிசோதனைக்குத் திரும்ப அழைத்தது.

மாட்டும்போது கப்புகளின் மரையில் கிரீஸ் தடவி 35 முதல் 50 நியூட்டன் மீட்டர் இறுக்குங்கள். ஹாலோடெக் (ஷிமானோவின் 24 மிமீ ஆக்சில் வகை) கிராங்கின் பிளாஸ்டிக் மூடியை விரலால் திருப்பும் அளவுக்கே இறுக்க வேண்டும், 0.7 முதல் 1.5. அதை முறுக்கினால் பேரிங் செத்துவிடும். இடது கிராங்க் கையிலுள்ள இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றி 12 முதல் 14 வரை. செயினை வெட்டுவது இதெல்லாம் முடிந்து, பெரிய பல்லுக்குப் பெரிய பல் போட்டுப் பார்த்த பிறகு.