வால்ட்டர் மிட்டி கதையைப் பற்றி எழுதப் போகிறீர்களா? முதலில் அந்தக் கையுறையைப் பாருங்கள்

மும்பை செம்பூரில் எங்கள் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலைந்து பி.ஏ. பிள்ளைகள் வருவார்கள். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, கல்லூரியில் ஆங்கில இலக்கியம். அமெரிக்க எழுத்தாளர் ஜேம்ஸ் தர்பர் எழுதி 1939 மார்ச்சில் நியூ யார்க்கர் இதழில் வந்த வால்ட்டர் மிட்டி கதையை எடுத்தால் போதும், எல்லோர் நோட்டிலும் முதல் வரியில் ஒரே வார்த்தை: பொண்டாட்டிதாசன். அதட்டுகிற மனைவி, அடங்கிப்போகிற கணவன், தப்பிக்க ஒரு பகல்கனவு, கட்டுரை முடிந்தது! இப்படி ஒரு வார்த்தை நம் வாயில் தயாராக இருப்பதால்தான் கதையைப் படிக்காமலே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். பரீட்சைக்கோ வகுப்புக்கோ இதை எழுதப்போகிறவர்கள் அந்த வார்த்தையைக் கொஞ்ச நேரம் தள்ளி வையுங்கள்.

கதையில் நடப்பது ரொம்பக் கொஞ்சம். வால்ட்டர் மிட்டி என்கிற நடுவயதுக்காரர் மனைவியைக் காரில் வாட்டர்பரி என்ற ஊருக்குக் கூட்டிப்போகிறார். அந்த அம்மா தலைமுடி அலங்காரத்துக்குப் போயிருக்கிற நேரத்தில் இவர் ஓவர்ஷூவும் நாய்க்குட்டி பிஸ்கட்டும் வாங்கவேண்டும். ஓவர்ஷூ என்பது பனியிலும் சேற்றிலும் ஷூ நனையாமல் இருக்க அதன் மேலேயே மாட்டிக்கொள்ளும் ரப்பர் காலணி, மும்பைப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். இடையிடையே ஐந்து பகல்கனவுகள் வருகின்றன: கடற்படை கமாண்டர், பெரிய சர்ஜன், கொலை வழக்கில் கூண்டில் நிற்கும் குறி தவறாத சுடுநர், குண்டுவீச்சு விமானி, கடைசியில் சுட்டுக்கொல்லப்படக் காத்து நிற்பவர். இந்தக் கதையை வைத்து எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு மட்டும் எழுதாதீர்கள். 1947, 2013 இரண்டு படங்களிலும் நாயகன் கல்யாணமாகாதவராகத்தான் அறிமுகமாகிறார், அதை வைத்துக்கொண்டு தாம்பத்தியத்தைப் பற்றி என்ன எழுதமுடியும்?

சரி, பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். கனவு வருகிற வரிகளுக்கெல்லாம் ஓரமாக ஒரு கோடு. அப்புறம் கோடு தொடங்குகிற இடத்தையும் முடிகிற இடத்தையும் மட்டும் திரும்பப் படியுங்கள், ஏனென்றால் கதையின் சூட்சுமம் முழுக்க அந்தத் தையலில்தான் இருக்கிறது. மனைவி இறங்கும்போது கையுறை எங்கே, தொலைத்துவிட்டாயா என்று கேட்கிறார். இவர் எடுத்து மாட்டிக்கொள்கிறார், அவர் உள்ளே போனதும் சிக்னலில் கழற்றிவிடுகிறார், போலீஸ்காரர் ஒருவர் நகரச் சொல்லி அதட்டியதும் அவசரமாக மறுபடி மாட்டுகிறார். அடுத்து ஒரு ஆஸ்பத்திரியைக் கடந்து போகிறார், கனவு தொடங்குகிறது, அதில் சர்ஜனாக நின்று மெல்லிய கையுறையை இழுத்து மாட்டிக்கொள்கிறார்! பத்து வரிக்கு முன்னால் சொல்பேச்சு கேட்டதற்கு அடையாளமாக இருந்த பொருள் இப்போது அதிகாரத்தின் அடையாளம். அதே போல டாக்டர் ரென்ஷா. அவரிடம் உடம்பைக் காட்டிக்கொள் என்று மனைவி சொன்னாரே, அந்த டாக்டரே கனவில் களைத்துப்போய் இவரிடம் உதவி கேட்டு நிற்கிறார். பகல்கனவு வானத்திலிருந்து குதிப்பதில்லை, இரண்டு நிமிஷத்துக்கு முன்னால் பட்ட காயத்தை எடுத்துத்தான் அது தைக்கிறது. இதை இரண்டு உதாரணத்தோடு காட்டினாலே உங்கள் கட்டுரை மற்றவர்களுடையதிலிருந்து தனியாகத் தெரியும்.

அடுத்து, மிட்டியை யாரெல்லாம் சிறுமைப்படுத்துகிறார்கள் என்று ஒரு பட்டியல் போடுங்கள். போலீஸ்காரர், கார் நிறுத்துமிடத்தில் வேலை பார்க்கும் பையன், எப்போதோ ஒருமுறை, பனியில் சக்கரம் வழுக்காமல் இருக்கச் சுற்றும் டயர் சங்கிலியைக் கழற்றத் தெரியாமல் சிக்கவைத்துக்கொண்டபோது இளித்த மெக்கானிக். இந்த மூவரும் ஆண்கள்! அடுத்த தடவை கையில் கட்டுப் போட்டுக்கொண்டு போனால் இளிக்கமாட்டார்கள் என்று யோசிக்கிறாரே, அந்த இடத்தில் எனக்கு மனசு பிசைந்தது. வண்டி தெரியாத ஆம்பளை ஆம்பளையா என்கிற அளவுகோல்தான் அவரை நசுக்குகிறது. அந்த அளவுகோலை மனைவி உண்டாக்கவில்லை. கனவிலும் அவர் அதைத் தூக்கி எறிவதில்லை, அதிலேயே முதல் மதிப்பெண் வாங்குகிறார். எனக்கு இந்தக் கதையில் மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

மனைவியின் வசனங்களை மட்டும் தனியாக எழுதி ஒருவரைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் ஒரு பெண் படித்தாள், வேகமாகப் போகாதே, கையுறை போட்டுக்கொள், உனக்கு வயசாகிறது, வீட்டுக்குப் போனதும் காய்ச்சல் பார்க்கிறேன். படித்து முடித்துவிட்டு, "ஆன்ட்டி, ஜூலை மாசத்துல எங்கம்மா அப்பாகிட்ட குடை எடுத்தீங்களான்னு கேக்கற மாதிரியே இருக்கு" என்றாள். கதை அந்தக் கணவரின் தலைக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதால் மனைவியின் குரல் நமக்கும் இடைஞ்சலாகவே கேட்கிறது. முதல் கனவு கலைந்ததும் அவர் கண்ணுக்கு மனைவி, கூட்டத்தில் கத்திய யாரோ ஒரு அந்நியப் பெண் போலத் தெரிகிறாள் என்று தர்பரே எழுதுகிறார். அந்த அம்மாவுக்கு முதல் பெயர்கூடக் கிடையாது, திருமதி மிட்டிதான். கனவுகளில் வருகிற பெண்கள் யார் என்றும் பாருங்கள்: அழகான நர்ஸ், கோர்ட்டில் அலறிக்கொண்டு அவர் கைக்குள் வந்து விழும் கருங்கூந்தல் அழகி. கேள்வி கேட்கிற பெண்ணுக்கு அங்கே இடமில்லை.

அதற்காக மனைவியை முழுக்கக் காப்பாற்றவும் வேண்டாம். ஓவர்ஷூவை ஏன் கடையிலேயே போட்டுக்கொள்ளவில்லை என்று மனைவி கேட்கும்போது, நான் சில சமயம் யோசிப்பேன் என்று உனக்குத் தோன்றியதே இல்லையா என்கிறார் மிட்டி. கதையில் மனம் திறந்து அவர் மனைவியிடம் பேசுவது அந்த ஒரு இடத்தில்தான். அதற்குக் கிடைக்கிற பதில் தெர்மாமீட்டர். ஒரு கனவைக்கூட மனைவியிடம் சொல்லாதவர் இவர், என்ன யோசித்தாய் என்று கேட்காதவர் அவர். தாம்பத்தியத்தைப் பற்றிய பத்தியை இந்த இரண்டு வாக்கியத்தின் மேல் கட்டுங்கள், யார் பக்கமும் சாயாமல்.

முடிவில் மிட்டி மருந்துக்கடைச் சுவரோரம் சிகரெட் பிடித்துக்கொண்டு நிற்கிறார், அப்படியே துப்பாக்கிகளுக்கு எதிரே நிற்பதாகக் கடைசிக் கனவு வருகிறது. அந்தச் சுவரையும் சிகரெட்டையும் எல்லோரும் எழுதுவார்கள், நீங்களும் எழுதுங்கள், அதற்கு ஒரு வரிக்கு முன்னால் இருப்பதையும் விட்டுவிடாதீர்கள். எதையோ மறந்துவிட்டேன், ஒரு நிமிஷத்தில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு மனைவி கடைக்குள் போகிறார். மறதிக்காரர் என்று கதை முழுக்க நாம் நினைத்திருந்தது இவரை. அந்த அம்மா எதை மறந்தார், உள்ளே நின்று என்ன நினைத்துக்கொண்டிருந்தார் என்று கதை சொல்வதில்லை, ஒரு நிமிஷத்துக்கு மேலேயே ஆகிவிடுகிறது, வெளியே மழை தொடங்குகிறது.