மரமில்லாச் சமவெளியில் முதல் வீடு: நெப்ராஸ்கா புற்கட்டி வீடு கட்டும் முறை

அமெரிக்காவின் 1862ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி (ஹோம்ஸ்டெட் சட்டம்) 160 ஏக்கர் அரசு நிலம் கிடைத்தது. ஆனால் ஐந்து வருடம் அங்கேயே குடியிருந்து பயிர் செய்தால்தான் பட்டா கிடைத்தது. அதனால் 1880களில் நெப்ராஸ்கா மாநிலத்தில், கஸ்டர் கவுண்டிக்கு (மாவட்டம்) வந்தவர்களுக்கு வீடுதான் முதல் வேலை. ஓடையோரம் தவிர மரமே இல்லை. புல்வேர் பின்னிய மண்தான் கட்டுமானப் பொருள். அதை நறுக்கிய கட்டிதான் புற்கட்டி. அங்கே பல பள்ளிக்கூடங்களும் இப்படித்தான் எழுந்தன. மாதிரி வீடு கட்ட நினைப்பவர்களுக்கும் இதே முறைதான்.

உழாத நிலமாக, வேர் அடர்ந்த இடமாகப் பாருங்கள். மண் ஈரமாக இருக்க வேண்டும். சாதாரணக் கலப்பை மண்ணைப் புரட்டி உடைத்துவிடும். கிராஸ்ஹாப்பர் கலப்பைதான் 1 அடி அகலம், 4 அங்குலக் கனத்தில் நாடாவாக உரிக்கும். அதை மண்வெட்டியால் 3 அடி நீளத்துக்கு நறுக்குங்கள். ஒரு கட்டி சுமார் 50 பவுண்டு. 16க்கு 20 அடி வீட்டுக்கு, சுவர் 7 அடி உயரம் என்றால், சுமார் ஆயிரம் கட்டி தேவை. அன்றன்று அடுக்கும் அளவு மட்டும் வெட்டுங்கள். மறுநாள் வரை கிடந்தால் காய்ந்து உதிரும்.

தரையை மட்டமாக்கி, புல் கீழ்ப்பக்கம் இருக்கும்படி இரண்டு கட்டியை இணையாக வையுங்கள். சுவர் 2 அடிக் கனம் வரும். மூட்டுக்கு மேல் மூட்டு வரக்கூடாது. மூன்று வரிக்கு ஒரு வரி குறுக்கே போட்டால்தான் உள்சுவரும் வெளிச்சுவரும் பிரியாது. சந்துகளில் உதிரி மண்ணை அடையுங்கள், இல்லாவிட்டால் எலியும் பாம்பும் குடிவரும்.

பலரும் கோட்டைவிடுவது ஜன்னலில். புற்கட்டிச் சுவர் காயக்காய இறங்கும். நிலைக்கு மேலே தேவதாருக் கட்டை போட்டு, கட்டைக்கும் நிலைக்கும் நடுவே சில அங்குலம் இடைவெளி விட்டு, துணியோ புல்லோ திணியுங்கள். இடைவெளி இல்லையென்றால் சுவரின் பாரம் நிலையில் இறங்கி, கண்ணாடி நொறுங்கும்.

முகட்டு வளையைக் கவைக்கால்களில் தாங்கவிடுங்கள். கைமரம், வில்லோ மிலாறு, காய்ந்த புல், மேலே மெல்லிய புற்கட்டி என்பது வரிசை. மழையில் நனைந்த கூரை மிகவும் கனக்கும். மெல்லிய வளை முறிந்து ஆள்மேல் விழும். நல்ல கூரையும் ஒழுகும், மழை விட்ட பிறகும் சொட்டும். கூரைக்கடியில் மஸ்லின் துணி கட்டினால் மண் உதிர்வதையாவது தடுக்கலாம்.

உள்சுவரைக் கூரான மண்வெட்டியால் சீவி, களிமண்ணும் சாம்பலும் குழைத்துப் பூசலாம். சுவர் இறங்கி நிற்கும்வரை பொறுங்கள். முன்னதாகப் பூசினால் வெடித்துப் பெயரும்.