அரிச்சல்முனைப் பயணத்துக்கு ஒரு கருப்பட்டி அவல் துண்டு

மண்டபத்தில் புறப்பட்டு, பாம்பன் பாலம் ஏறி, இராமேசுவரம் கடந்து அரிச்சல்முனை வரை மிதிவண்டியில் போய்த் திரும்ப ஏறக்குறைய 80 கிலோமீட்டர் ஆகும். தசைகளிலும் ஈரலிலுமாக நம் உடல் எரிபொருளாகச் சேர்த்து வைத்திருக்கும் கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு பொதுவாக 500 கிராம் அளவே என்பதால், வேகமாக மிதிப்பவருக்கு இரண்டு மணி நேரத்திலேயே அதில் பெரும்பகுதி தீர்ந்து, தனுஷ்கோடிக்கு அப்பால் நிழலே இல்லாத சாலையில் பக்கக்காற்றோடு போராடும்போது கால்கள் கனத்துவிடும்.

ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட பயிற்சிக்கு இடையில் உணவு தேவையில்லை. அதற்கு மேல் நீண்டால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வேண்டும். குடல் குளுக்கோஸை மணிக்குச் சுமார் 60 கிராமுக்கு மேல் உறிஞ்சுவதில்லை. பழச்சர்க்கரையான பிரக்டோஸ் வேறு வழியாக உள்ளே செல்வதால், இரண்டும் கலந்த உணவை உண்டு பழகியவர்கள் மூன்று மணி நேரத்தைத் தாண்டும் பயிற்சிகளில் 90 கிராம் வரை எடுத்துக்கொள்ளலாம்.

இதற்காகக் கடையில் விற்கும் ஆற்றல் துண்டுகளை (எனர்ஜி பார்) வாங்குவோர் உறையின் பின்புறத்தைப் படிப்பது அவசியம். கொழுப்பும் நார்ச்சத்தும் மிகுந்தவை இரைப்பையில் தங்கி வயிற்றைப் பிரட்டும். புரதத் துண்டுகள் பயிற்சி முடிந்த பிறகே பயன் தரும். சாக்லேட் பூசியவை நம் வெயிலில் சட்டைப் பையிலேயே உருகிவிடும். நமக்குப் பிடித்த கடலைமிட்டாயும் வண்டி ஓட்டும்போது ஏற்றதன்று. நிலக்கடலையின் எடையில் ஏறக்குறைய பாதி கொழுப்பு.

ஆகவே நான் நம்புவது சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டியைத்தான். அதன் பெரும்பகுதி சுக்ரோஸ். அது குடலில் குளுக்கோஸாகவும் பிரக்டோஸாகவும் சரிபாதி பிரியும். அவலின் மாவுச்சத்து முழுவதும் குளுக்கோஸாக மாறும். இரண்டையும் சேர்த்தால் உடல் கேட்கும் கலவை நம் சமையலறையிலேயே கிடைத்துவிடுகிறது.

மெல்லிய வெள்ளை அவல் 150 கிராமை வெறும் வாணலியில் மொறுமொறுப்பாக வறுத்து, கையால் நொறுக்கிக்கொள்ளவும். கருப்பட்டி 120 கிராமைச் சிறிது நீரில் கரைத்துக் கட்டாயம் வடிகட்டவும். மண் இல்லாத கருப்பட்டி அரிது. வடித்ததைக் காய்ச்சி, ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் மென்மையாக உருட்ட வரும் பதத்தில் இறக்கவும். பாகு முறுகினால் துண்டு கல்லாகிவிடும், வண்டி ஓட்டும்போது மெல்ல முடியாது. கொட்டை நீக்கி மசித்த பேரீச்சம்பழம் 80 கிராம், உப்பு அரைத் தேக்கரண்டி, சிறிது சுக்குத்தூள் ஆகியவற்றைப் பாகில் சேர்த்து, அவலைக் கொட்டிக் கிளறி, தட்டில் அழுத்திப் பரப்பிச் சூடு ஆறுமுன் பத்துத் துண்டுகளாக வெட்டவும். ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 27 கிராம் மாவுச்சத்து இருக்கும். மணிக்கு இரண்டு போதும்.

கடற்காற்றின் ஈரத்தில் இவை விரைவில் பிசுபிசுக்கும். எண்ணெய்த்தாளில் தனித்தனியே சுற்றிக் காற்றுப்புகாத டப்பாவில் வைத்து, மூன்று நான்கு நாட்களுக்குள் தீர்த்துவிடவும்.

பசி எடுக்கும்வரை காத்திராமல், புறப்பட்ட அரை மணியில் தொடங்கி, அரை மணிக்கு ஒரு துண்டாக நன்கு மென்று, நாலைந்து மடக்குத் தண்ணீருடன் உண்ணவும். தண்ணீரின்றி விழுங்கினால் வயிறு கனக்கும். குடலுக்கும் பழக்கம் வேண்டும் என்பதால், பயணத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பே வாரம் ஒருமுறை இதே அளவில் உண்டு பாருங்கள். நீரிழிவு உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்ட பிறகே தொடங்க வேண்டும்.