சம்பந்திக்கு ஜாமீன் போட்ட ஜனாதிபதி: ஜெபர்சன் கடிதங்களைப் படிக்க ஒரு கணக்குப்பிள்ளை வழி

தாமஸ் ஜெபர்சனின் கடிதங்களை முதலிலிருந்து வரிசையாகப் படித்துவிடலாம் என்று உட்காராதீர்கள். ஆயுளில் அவர் எழுதியது மட்டும் ஏறக்குறைய 19,000. அமெரிக்காவின் மூன்றாவது ஜனாதிபதி. 1809 மார்ச்சில் பதவி முடிந்து, வர்ஜீனியாவில் மாண்டிசெல்லோ என்ற தன் மலைவீட்டுக்குப் போனார். 1826-ல் சாகும்வரை பதவிப் பக்கம் திரும்பவில்லை. அந்தப் பதினேழு வருஷத்துக் கடிதங்கள் போதும். அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘ஃபவுண்டர்ஸ் ஆன்லைன்’ தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. எழுதியவர், பெற்றவர், தேதி என்று எதைக் கொடுத்தும் தேடலாம்.

நான் காரைக்குடியில் கணக்கு எழுதிப் பிழைத்தவன், சரித்திரம் படித்தவனில்லை. பினாங்கிலிருந்து எங்கள் ஐயா எழுதிய கடைக் கடிதங்களை அடுக்கும் வேலை என் தலையில் விழுந்தபோது பழகிய முறை இது. மேலே பிள்ளையார் சுழி, சிவமயம், ஊர், தேதி. அப்புறம் நலம் விசாரிப்பு, கடைச் சேதி. தாளில் இடம் மிச்சமிருந்தால் கடைசியில் கல்யாணப் பேச்சு. ‘வியாபாரம் சுமார்’ என்று ஒரு வரி இருக்கும். எவ்வளவு சுமார் என்பது பேரேட்டைப் பிரித்துப் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும். ஜெபர்சனையும் அப்படித்தான் படிக்க வேண்டும் என்பது என் கட்சி. கடிதத்தை மட்டும் படித்தால் மகான் மாதிரித் தெரிவார்.

ஒரு நீள நோட்டு வாங்கி நான்கு பத்தி போடுங்கள்: எழுதிய தேதி, போய்ச் சேர்ந்த தேதி, யார் யாருக்கு, என்ன சேதி. இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஜெபர்சனே 1783-லிருந்து கடைசி வருஷம் வரை, வந்த கடிதம் போன கடிதம் இரண்டுக்கும் பதிவேடு வைத்திருந்தார். முந்தைய ஜனாதிபதி ஜான் ஆடம்ஸுக்கு 1822 ஜூன் 27-ல் எழுதும்போது, அதைப் புரட்டி எண்ணிப் பார்த்ததாகவும், 1820-ல் மட்டும் 1,267 கடிதம் வந்திருப்பதாகவும் அலுத்துக்கொள்கிறார். அந்தக் காலத்தில் தபால் கூலியைப் பெரும்பாலும் வாங்குகிறவர்தான் கொடுப்பார். ஜெபர்சனுக்கு வருவதும் அவரிடமிருந்து போவதும் இலவசம் என்று 1809-ல் சட்டமே போட்டுவிட்டார்கள். ஓசித் தபால் என்றால் ஊர் சும்மா விடுமா?

அவர் எழுதியவற்றுக்கு நகல் இருப்பதற்குக் காரணம் ஒரு கருவி. அவர் கையிலிருக்கும் பேனா நகர்ந்தால், அதோடு பிணைத்த இன்னொரு பேனா பக்கத்துத் தாளில் அதையே எழுதும். 1804 முதல் அதை வைத்துத்தான் எழுதினார். எங்கள் வீட்டுப் பெட்டியில் வந்த கடிதம் மட்டும்தான் இருக்கிறது. அப்பத்தா எழுதிய பதிலெல்லாம் பினாங்கோடு போச்சு. இங்கே இரண்டு பக்கமும் இருக்கும்போது ஒரு பக்கத்தை மட்டும் படிப்பது அநியாயம்.

ஆகவே ஆடம்ஸ் ஜோடியிலிருந்து தொடங்குங்கள். 1800 தேர்தலில் ஜெபர்சனிடம் தோற்றவர் அவர். அதற்குப் பிறகு பத்து வருஷத்துக்கு மேல் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. பிலடெல்பியா டாக்டர் பெஞ்சமின் ரஷ் நடுவில் நின்று சமாதானம் பேசினார். 1812 ஜனவரி 1-ல் ஆடம்ஸ் மாசசூசெட்ஸிலிருந்து எழுதுகிறார்: எங்கள் பக்கத்தில் வீட்டிலேயே நெய்த துணி இரண்டு துண்டு தனியே தபாலில் அனுப்பியிருக்கிறேன். 21-ந் தேதி ஜெபர்சன் பதில் போடுகிறார். வர்ஜீனியாவில் வீட்டுக்கு வீடு நெசவு, மெல்லிய துணி அதிகமில்லை, முரட்டுத் துணியும் நடுத்தரமும் நிறைய என்று ஜவுளிக்கடைக்காரர் மாதிரி விளக்குகிறார். அந்தப் பதிலைத் தபாலாபீசுக்குக் கொண்டுபோன ஆள் திரும்பும்போது பார்சலை வாங்கி வருகிறான். உள்ளே துணி இல்லை. ஆடம்ஸின் மகன் ஜான் குவின்சி எழுதிய பேச்சுக்கலை விரிவுரைகள், இரண்டு புத்தகம்! 23-ந் தேதி மறுபடி ஒரு கடிதம் எழுத வேண்டியதாயிற்று. தேதிப் பத்தி போட்டுப் படித்தால் தபால் முந்தி பார்சல் பிந்தியது பளிச்சென்று தெரியும். இல்லாவிட்டால் பெரியவர் ஏன் தறி புராணம் பாடுகிறார் என்று முழிப்பீர்கள்.

ஜெபர்சன் ஒன்று எழுதினால் ஆடம்ஸ் இரண்டுக்கு மேல் எழுதுவார். மதம், கிரேக்கம் என்று அவர் போகும் தூரமெல்லாம் கூடப் போக வேண்டியதில்லை. நான் பலதைத் தள்ளிவிட்டேன். ஆனால் 1818 நவம்பர் 13-ஐ விடாதீர்கள். ஆடம்ஸின் மனைவி அபிகெயில் இறந்ததற்கு ஜெபர்சன் எழுதியது. காலமும் மௌனமும்தான் இதற்கு மருந்து என்று சொல்லிச் சுருக்கமாக நிறுத்திக்கொள்கிறார். நம் பக்கம் கேதம் கேட்கப் போய் ஒரு மணி நேரம் பேசுகிறவர்கள் படிக்க வேண்டியது.

இனிக் கணக்கு. 1767-லிருந்து 1826 வரை அன்றாடச் செலவை அவர் எழுதிவந்த குறிப்பேடுகளும் அதே தளத்தில் இருக்கின்றன. சில்லறைச் செலவுகூடத் தப்பாது. ஆனால் ஐந்தொகை எடுத்து மொத்தக் கடன் எவ்வளவு என்று பார்க்கிற பழக்கம் இல்லை. 1818-ல் வில்சன் கேரி நிக்கோலஸ் என்பவருக்காகத் தலா 10,000 டாலர் கொண்ட இரண்டு பாங்க் பத்திரங்களில் ஜாமீன் கையெழுத்துப் போட்டார். நிக்கோலஸ் முன்னாள் கவர்னர். அதைவிட முக்கியம், மகள் வயிற்றுப் பேரன் பெண்ணெடுத்த வீடு. சம்பந்தி வந்து கேட்டால் எப்படி முடியாது என்பது? இந்த இடத்தை எங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டாம். மறுவருஷம் நாடு முழுக்கப் பணமுடை, நிக்கோலஸ் நொடித்தார்.

இதைத் தெரிந்துகொண்டு 1819 நவம்பர் 7-ல் ஆடம்ஸுக்கு எழுதியதைப் படியுங்கள். காகிதப் பணக் குமிழி உடைந்தது, எங்கள் மாநிலத்தில் ஒரு வருஷக் குத்தகைப் பணத்துக்குக்கூட நிலம் விலைபோகவில்லை என்கிறார். எல்லாம் நாட்டு நிலவரமாகத்தான். பிறகு 1826 பிப்ரவரி 17-க்குத் தாவி, அவருக்கு அடுத்து ஜனாதிபதியான ஜேம்ஸ் மாடிசனுக்கு எழுதியதை எடுங்கள். சாவதற்கு ஐந்து மாசம்கூட இல்லை. அதில்தான் நிக்கோலஸ் பெயர் வருகிறது: கடைசி அடியை அவர்தான் கொடுத்தார், அன்றுமுதல் அவர் கடனுக்கு வருஷம் 1,200 டாலர் வட்டி கட்டுகிறேன். நான் பென்சிலால் ஓரத்தில் போட்டுப் பார்த்தேன். 20,000-க்கு 1,200 என்றால் நூற்றுக்கு ஆறு. நம் கணக்கில் மாசம் எட்டணா வட்டி. கொள்ளை வட்டி இல்லை. ஆனாலும் அசலில் ஒரு காசு குறையாமல் ஏழெட்டு வருஷம் கட்டினால் யார் தாங்குவது? மொத்தக் கடன் ஒரு லட்சம் டாலருக்கு மேல் போய்விட்டது.

கணக்கோடு சேர்த்துப் படிக்க இன்னொரு கடிதம். 1814-ல் எட்வர்ட் கோல்ஸ் என்ற இளைஞர், அடிமை முறையை ஒழிக்க நீங்கள் முன்னால் நில்லுங்கள் என்று கேட்டு எழுதினார். ஆகஸ்டு 25-ல் பதில்: கொள்கை சரி, வேலை இளைஞர்களுடையது, எனக்கு வயதாகிவிட்டது. நடை அழகாகத்தான் இருக்கிறது. ஜெபர்சன் ஆயுளில் 600 பேருக்கு மேல் அடிமைகளாக வைத்திருந்தவர். இறந்த பிறகு 1827 ஜனவரியில் கடனுக்காக ஏலத்துக்கு வந்தவர்கள் 130 பேர். கோல்ஸ் தன்னிடம் இருந்தவர்களை இலினாய் பக்கம் கூட்டிப்போய் 1819-ல் விடுதலை செய்தார். என் நோட்டில் இந்த மூன்றும் ஒரே பக்கத்தில்தான் இருக்கின்றன.

ஒரு ராத்திரிதான் நேரம் என்றால் 1812 ஜனவரிக் கடிதங்கள் மூன்று, 1814-ல் கோல்ஸ் எழுதியதும் அதற்குப் பதிலும், 1819 நவம்பர், 1826 பிப்ரவரி. இந்த வரிசையை மாற்ற வேண்டாம். மாடிசன் கடிதத்தை முதலில் படித்துவிட்டால் இரக்கம் வந்துவிடும்; அப்புறம் கோல்ஸுக்கு எழுதிய பதிலை நிதானமாகப் பார்க்க முடியாது.