காருக்குப் பின்னால் ஒரு வீடு: பிரிட்டனுக்குப் புதிதாகப் போன நெல்லைப் பிள்ளைகளுக்கு

அம்பை, கல்லிடை, வள்ளியூர், தென்காசிப் பக்கமிருந்து பிரிட்டனுக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் முதல் கோடை லீவு கிடைத்ததும் எனக்குப் போன் போட்டுக் கேட்பது இதுதான்: "அண்ணாச்சி, கேரவன் எடுத்துக்கிட்டு கிராமப்புறமா சுத்தலாம்னு இருக்கோம். எங்கெல்லாம் போகலாம்?" கேரவன் என்றால் காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற சக்கர வீடு. பிரிட்டனில் பல வருஷம் இருந்துவிட்டு இப்போது அம்பாசமுத்திரத்தில் இருக்கிறேன். தனித்தனியாகச் சொல்லிவந்ததை மொத்தமாக எழுதிவிடுகிறேன். முதலில் கேள்வியை மாற்றுங்கள். எங்கே போய் உட்காரலாம் என்று கேளுங்கள்.

காலையில் ஸ்ரீவைகுண்டத்தில் தொடங்கி, இருட்டுவதற்குள் நவதிருப்பதி ஒன்பதையும் சேவித்துவிட்டு வீடு திரும்பிப் பழகியவர்கள் நாம். கேரவனில் அந்த வேகம் ஆகாது. ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் கரண்ட் வயரைச் சுருட்டி, கழிவுத் தண்ணீரைக் கொட்டி, கேஸை அடைத்து, நான்கு மூலைக் கால்களையும் தூக்கி, காரோடு மாட்டி, பின்விளக்கு எரிகிறதா என்று ஒருவர் பின்னால் நின்று பார்க்க வேண்டும். தினமும் இதைச் செய்தால் லீவே வேலையாகிவிடும். ஒரு வாரத்துக்கு ஒரு சைட், அதாவது கேரவனை நிறுத்தித் தங்கும் இடம், மிஞ்சினால் இரண்டு. வண்டியை அங்கே நிறுத்திவிட்டுக் காரில் சுற்றுங்கள். யார்க்‌ஷயர் டேல்ஸ் என்ற வட இங்கிலாந்துப் பள்ளத்தாக்குப் பகுதியில் ஹாஸ் ஊர்ப்பக்கம் தங்கினால் எய்ஸ்கார்த் அருவியும், 24 வளைவுகள் கொண்ட ரிபிள்ஹெட் ரயில் பாலமும் அரை மணி நேரத் தொலைவுதான்.

லைசென்ஸ் விஷயத்தில் விளையாடாதீர்கள். இந்திய லைசென்ஸை வைத்துக் குடியேறிய நாளிலிருந்து 12 மாதம்தான் கார் ஓட்டலாம். பிறகு அந்த ஊர் டெஸ்ட்டில் பாஸாக வேண்டும். அங்கே கார் டெஸ்ட் பாஸானவர்கள் 3,500 கிலோ வரை எடையுள்ள கேரவனை இழுக்க, 2021 டிசம்பர் 16 முதல் தனி டெஸ்ட் தேவையில்லை. ஆனாலும் வாடகைக்குத் தருபவரிடமும் இன்ஷூரன்ஸிலும் உங்கள் லைசென்ஸ் செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள். இழுத்துப் பழக்கமே இல்லையென்றால், சைட்டில் கொண்டுவந்து நிறுத்திக் கொடுக்கிற வாடகைக்காரர்களும் இருக்கிறார்கள். முதல் தடவைக்கு அதுதான் நல்லது.

நீங்களே இழுப்பதானால் எடைக் கணக்கை விடாதீர்கள். சாமான் ஏற்றிய கேரவன், காரின் வெறும் எடையில் 85 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது புதியவர்களுக்கான பரிந்துரை. 1,500 கிலோ கார் என்றால் 1,275 கிலோ. அதைவிட முக்கியம், எடை எங்கே உட்காருகிறது என்பது. அரிசி மூட்டை, பாத்திரம், தண்ணீர் கேன் எல்லாம் அச்சுக்கு நேர்மேலே, தரையிலேயே இருக்கட்டும். மேல் அலமாரியில் துணி மட்டும். பின்பக்கம் கனத்தால் வேகத்தில் வண்டி வாலாட்டும். அது தொடங்கினால் பிரேக்கை ஓங்கி மிதிக்காமல், ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள்.

கேரவனை இழுக்கும்போது, நடுவில் தடுப்பில்லாத சாலையில் மணிக்கு 50 மைல், தடுப்புள்ள சாலையிலும் மோட்டார்வேயிலும் 60 மைல்தான் உச்சம். மூன்று லேன் மோட்டார்வேயில் வலது ஓரம் உங்களுக்கு இல்லை. கேரவன் காரைவிட அகலமென்றால் பின்னால் பார்க்கப் பக்கவாட்டில் நீட்டுக் கண்ணாடி மாட்டியாக வேண்டும். ஓடும்போது உள்ளே ஆள் இருக்கக்கூடாது. குழந்தை தூங்குகிறதே என்று கட்டிலில் விட்டுவிடாதீர்கள்.

மேப்பை மட்டும் நம்பிக் கிராமத்துக்குள் நுழையாதீர்கள். பின்னால் வீடு தொங்குவது கார் மேப்புக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் கல்சுவர் நெருக்கும் சந்தில் கொண்டுபோய் விடும். வடக்கு யார்க்‌ஷயரில் சட்டன் பேங்க் மேட்டில் கேரவனுக்குத் தடையே உண்டு. சைட்காரர் சொல்லும் வழியை எழுதி வைத்துக்கொண்டு அதன்படியே போங்கள்.

சைட்டில் பெரியவை, சிறியவை உண்டு. எனக்குப் பிடித்தவை பண்ணைகளில் ஐந்தே வண்டிகளை அனுமதிக்கும் சின்ன சைட்கள். 1907-இல் தொடங்கிய கேரவன் அண்ட் மோட்டார்ஹோம் கிளப்பில் சேர்ந்தால் இவற்றின் பட்டியல் கிடைக்கும். ஆட்டு மந்தையும் புல்வெளியும்தான் அக்கம்பக்கம். வழியில் கேட் திறந்திருந்தால் திறந்தபடியும், மூடியிருந்தால் மூடியும் விட்டுப் போங்கள். ராத்திரி பத்துக்கு மேல் பாட்டு வேண்டாம்.

சமையலுக்கு வருவோம். பல சின்ன சைட்களில் 10 ஆம்பியர் கரண்ட்தான். 230 வோல்ட்டில் 2,300 வாட். ரைஸ் குக்கர் ஓடும்போது கெட்டிலையும் போட்டால் டிரிப் ஆகும். சாதத்தை முதலில் வடித்து இறக்குங்கள், குழம்பைக் கேஸில் வையுங்கள், காபிக்குத் தண்ணீரைக் கடைசியில் போடுங்கள். குளிர்காலத்தில் புரோப்பேன் சிலிண்டரே வாங்குங்கள்; பூஜ்ஜியம் டிகிரியை நெருங்கினால் இன்னொரு வகை கேஸான பியூட்டேன் வேலை செய்யாது. தாளிக்கும்போது கூரை ஜன்னலைத் திறந்துவிடுங்கள், இல்லையென்றால் புகை அலாரம் அலறும். குளிருகிறதே என்று காற்றுத் துளைகளைத் துணி வைத்து அடைக்காதீர்கள். கரி அடுப்பை உள்ளேயோ, கேரவன் வாசலில் கட்டும் முன்கூடாரத்துக்குள்ளோ கொண்டுவராதீர்கள். அணைந்த பிறகும் கங்கிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும். அதற்கு வாசனையும் கிடையாது.

புளிக்காய்ச்சல், இட்லிப் பொடி, கல்லிடை அப்பளம், சொதிக்குத் தேங்காய்ப்பால் டின் இருந்தால் ஒரு வாரம் கவலையில்லை. அரிசி கழுவிய தண்ணீரை வேலியோரம் ஊற்றாமல் கழிவுத் தொட்டியில் சேர்த்து, அதற்கான இடத்தில் கொட்டுங்கள்.

ஊரிலிருந்து தாத்தா ஆச்சி வந்திருந்தால் கழிவறையைப் பற்றி முதலிலேயே பேசிவிடுங்கள். கேரவனுக்குள் இருப்பது கேசட் கழிவறை; கழிவு சேரும் கழற்றக்கூடிய பெட்டிதான் கேசட். கேசட்டை வெளியே இழுத்து, சைட்டில் அதற்கென உள்ள இடத்தில் நீங்கள்தான் கொட்ட வேண்டும். ஐந்து வண்டி சைட் பலவற்றில் பொதுக் கழிவறை இருக்காது. பெரியவர்களோடு போவதானால் குளியலறைக் கட்டடம் உள்ள பெரிய சைட்டை எடுங்கள், அது பக்கத்திலேயே இருக்கும்படி இடம் கேளுங்கள். வாசற்படி உயரத்துக்கு ஒரு முக்காலிப் படியும் வேண்டும்.

ஜூலைக் கடைசி முதல் ஆகஸ்ட் முழுக்க இங்கிலாந்தில் பள்ளி விடுமுறை. விலையும் கூட்டமும் ஏறியிருக்கும். பள்ளி செல்லும் பிள்ளைகள் இல்லையென்றால் ஜூனில் போங்கள். ஒன்பது மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும். எந்த மாதமானாலும் கிளம்பும் நாளில் பகலிலேயே சைட்டுக்குப் போய்ச் சேருங்கள்.